நாற்காலிக்கு ஏற்ப மாறும் அந்தரங்க உரிமை

கடந்த பத்தாண்டு ஆந்திர அரசியலில் தொலைபேசி ஒட்டுக்கேட்பைக் கண்டிக்காத பெரிய கட்சி எதுவும் இல்லை. ஆட்சியில் இருந்தபோது அதற்குக் கடிவாளம் போட்ட கட்சியும் இல்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த முரண் இன்னும் நன்றாகத் தெரியும். தெலுங்கு தேசம் கட்சித் தலைவரும் முதல்வருமான சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊரான நாராவாரிப்பள்ளி இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் தொடர்ந்து வென்றுவரும் குப்பம், சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவருடைய முந்தைய ஆட்சி உளவு மென்பொருள் வாங்கியதா என்று விசாரிக்க அமைக்கப்பட்ட சட்டமன்றக் குழுவுக்குத் தலைமை வகித்தவரோ, அன்றைய திருப்பதி எம்எல்ஏ பூமனா கருணாகர் ரெட்டி.

யார், எப்போது கொதித்தார்கள்? 2015 மே 31 அன்று, தெலங்கானா மேலவைத் தேர்தலில் ஆதரவு பெறுவதற்காக நியமன எம்எல்ஏ ஸ்டீபன்சனுக்கு ரூ.50 லட்சம் கொடுக்க முயன்றதாக, அப்போது தெலுங்கு தேசத்தில் இருந்த ரேவந்த் ரெட்டி கைதானார். சில நாள்களில், ஸ்டீபன்சனிடம், அன்றும் ஆந்திர முதல்வராக இருந்த நாயுடு பேசியதாகச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவு தொலைக்காட்சிகளில் ஒலித்தது. பதிவு ஜோடிக்கப்பட்டது என்றது ஆந்திர அரசு. ஒரு மாநில முதல்வரின் தொலைபேசியை இன்னொரு மாநில அரசு ஒட்டுக்கேட்பதா என்றும் கொந்தளித்தது. அன்று எதிர்க்கட்சியாக இருந்த ஒய்எஸ்ஆர் காங்கிரஸுக்கு ஒட்டுக்கேட்பு பொருட்டாகவே படவில்லை. நாயுடு மீது நடவடிக்கை வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

2019இல் ஆட்சி ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் தலைவர் ஜெகன் மோகன் ரெட்டியிடம் மாறியது. எதிர்க்கட்சியினர், ஊடகத்தினர், நீதித் துறையினர் ஆகியோரின் தொலைபேசிகள் கண்காணிக்கப்படுவதாக 2020 ஆகஸ்ட் 17 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார் நாயுடு. ஆதாரம் இருந்தால் கொடுங்கள் என்று பதில் சொன்னது காவல் துறைத் தலைமை. ஒட்டுக்கேட்கப்பட்டவரிடமே ஆதாரம் கேட்பது விசித்திரம். உத்தரவு ரகசியம், கோப்பு ரகசியம், கேட்டவரின் பெயரும் ரகசியம் என்னும்போது ஆதாரம் இருக்கக்கூடிய ஒரே இடம் அரசுதான்.

2022 மார்ச்சில் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி, நாயுடு ஆட்சியில் ஆந்திரத்திடம் பெகாசஸ் உளவு மென்பொருள் இருந்தது என்று சொன்னார். தெலுங்கு தேசம் மறுத்தது. உடனே பூமனா தலைமையில் அவைக் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த இடைக்கால அறிக்கையோ, தெலுங்கு தேச ஆட்சியில் அரசுத் தரவுகள் கட்சிப் பயன்பாட்டுக்குத் திருப்பப்பட்டன என்ற குற்றச்சாட்டையே முன்னிறுத்தியது. முந்தைய ஆட்சியை விசாரித்த அந்த அவையில், நடப்பு ஆட்சி எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவுகளில் கையெழுத்திட்டது என்ற கணக்கு வைக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டே கதை திரும்பியது. நெல்லூர் ஊரக எம்எல்ஏ கோட்டம்ரெட்டி ஸ்ரீதர் ரெட்டியும், இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள வெங்கடகிரியின் எம்எல்ஏவாக இருந்த ஆனம் ராமநாராயண ரெட்டியும் தங்கள் சொந்தக் கட்சியான ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் அரசே தங்கள் தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறது என்றார்கள். இருவரும் பின்னர் தெலுங்கு தேசத்துக்குச் சென்றார்கள், 2024இல் வென்றார்கள், ஆனம் அமைச்சருமானார்.

இதற்கிடையே இரண்டு ஆட்சிகளின் உளவுப் பிரிவுத் தலைவர்களும் சிக்கலுக்கு ஆளானார்கள். தெலுங்கு தேச ஆட்சியில் அந்தப் பதவியில் இருந்த ஏ.பி.வெங்கடேஸ்வர ராவ், இஸ்ரேலியக் கண்காணிப்புக் கருவிக் கொள்முதல் தொடர்பான குற்றச்சாட்டில் 2020 பிப்ரவரியில் இடைநீக்கம் செய்யப்பட்டார். 2024இல் தெலுங்கு தேசம் மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு அந்த இடைநீக்கக் காலம் பணிக்காலமாக மாற்றப்பட்டது. ஜெகன் ஆட்சியில் அதே பதவியில் இருந்த பி.எஸ்.ஆர்.ஆஞ்சநேயுலு, 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கைதானார். அதிகாரிகளின் தலையெழுத்து மாறியது. அவர்கள் கையில் இருந்த அதிகாரம் மாறவில்லை.

ரேணிகுண்டா, குப்பம், பங்காருபாளையம்: கண்காணிப்பில் மட்டுமல்ல, கூடும் உரிமையிலும் இதே நாடகம்தான். 2021 மார்ச் 1 அன்று, உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் சித்தூர், திருப்பதி பயணத்துக்காக வந்த நாயுடுவை ரேணிகுண்டா விமான நிலையத்திலேயே போலீஸார் தடுத்தார்கள்; அவர் தரையில் அமர்ந்து போராடினார். கந்துகூரிலும் குண்டூரிலும் நெரிசலில் உயிர்கள் பறிபோனதைக் காட்டி, சாலைகளில் பொதுக்கூட்டம் நடத்தக் கட்டுப்பாடு விதித்து 2023 ஜனவரி 2 அன்று அரசாணை எண் 1 வெளியானது. இரண்டே நாளில் நாயுடு தன் சொந்தத் தொகுதியான குப்பத்திலேயே தடுக்கப்பட்டார். அந்த ஆணையை 2023 மே மாதம் ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசமைப்புச் சட்டம் வென்றதாகத் தெலுங்கு தேசம் கொண்டாடியது.

2025 ஜூலை 9 அன்று, விலை வீழ்ச்சியால் தவித்த மாம்பழ விவசாயிகளைச் சந்திக்கச் சித்தூர் மாவட்டம் பங்காருபாளையத்துக்கு ஜெகன் வந்தார். சந்தை வளாகத்தில் 500 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது போலீஸ். சொல்லப்பட்ட காரணம் அதே கூட்டம், அதே பாதுகாப்பு. இப்போது ஜனநாயகப் படுகொலை என்று முழங்கியது ஒய்எஸ்ஆர் காங்கிரஸ். சட்டம் ஒழுங்கு என்று விளக்கம் சொன்னது தெலுங்கு தேசம். வசனத்தை அப்படியே கைமாற்றிக்கொண்டார்கள்.

தொண்டர்களும் மாறுகிறார்கள்: இது தலைவர்களின் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம், அரசின் உளவு அமைப்பு தொலைபேசித் தொடர்புகளைக் கண்காணிப்பதை ஏற்கிறீர்களா என்று வெவ்வேறு காலங்களில் கேட்டது. புஷ் ஆண்ட 2006இல் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 75 சதவீதத்தினர் ஏற்றார்கள். ஜனநாயகக் கட்சியினரில் 37 சதவீதத்தினர்தான் ஏற்றார்கள். ஒபாமா ஆண்ட 2013இல் குடியரசுக் கட்சியினரின் ஆதரவு 52 ஆகக் குறைந்தது. ஜனநாயகக் கட்சியினரின் ஆதரவு 64 ஆக உயர்ந்தது. நம்மவர் ஆண்டால் அது பாதுகாப்பு, அடுத்தவர் ஆண்டால் அது அடக்குமுறை.

இரட்டை வேடத்தைச் சுட்டிக்காட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் செய்யவில்லையா என்ற கேள்வி, ஆளுங்கட்சிக்குக் கிடைக்கும் மிக மலிவான கேடயம். குற்றம் சாட்டுபவர் நேற்று அதையே செய்தவர் என்பதால் இன்றைய குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது. 2015இல் நாயுடு கேட்ட சட்டக் கேள்வி நியாயமானது. 2023இல் கோட்டம்ரெட்டி கேட்டதும் நியாயமானது. புகார் கொடுப்பவரின் யோக்கியதையை மட்டும் விசாரித்துவிட்டுப் புகாரைக் கிடப்பில் போடுவதுதான் இத்தனை ஆண்டுகளாக நடக்கிறது.

ஓட்டை எங்கே? ஒட்டுக்கேட்புக்கு அனுமதி தருபவர் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர். அந்த உத்தரவு 60 நாள் செல்லும். 180 நாள் வரை நீட்டிக்கலாம். மாநிலத்தில் அதைப் பரிசீலிக்கும் குழுவின் தலைவர் தலைமைச் செயலர். உறுப்பினர்களும் அரசுச் செயலர்களே. அரசே கேட்கிறது, அரசே அனுமதிக்கிறது, அரசே சரிபார்க்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதுகாப்புகளை வகுத்தபோது நீதிபதியின் முன்அனுமதியைக் கட்டாயமாக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகும் ஏற்பாடு மாறவில்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதே பாதையில்தான் போகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நேரத்தில் அது நிறைவேறியது. அந்த இடைநீக்கத்துக்கு ஆளாகாத தெலுங்கு தேசமோ ஒய்எஸ்ஆர் காங்கிரஸோ, நீதிபதியின் ஒப்புதல் வேண்டும் என்ற ஒரு வரியைக்கூட அந்தச் சட்டத்தில் இடம்பெறச் செய்யவில்லை.

நீதிமன்றங்கள் சில நேரம் வழிகாட்டுகின்றன. 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவு ஒன்றை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்படாதபோது, குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்றார். ஆனால், அந்த நியாயம் கிடைக்க 14 ஆண்டுகள் ஆயின. தவறைப் பின்னால் திருத்துவதைவிட முன்னால் தடுப்பதே உரிமை. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், அமைச்சர் கையெழுத்திட்ட பிறகு, நீதித் துறை ஆணையரும் ஒப்புதல் தந்தால்தான் உத்தரவு செல்லும்.

யாருடைய உரிமை? தமிழ் வாசகர்கள் மறக்க முடியாத ஒரு தேதி உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், சந்திரகிரி அருகே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட பகுதிகளின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற போலீஸின் வாதத்தோடு நாயுடு அரசு நின்றது. அடுத்த இரண்டே மாதத்தில் அதே அரசு, தன் முதல்வரின் தொலைபேசிக்காக அரசமைப்புச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது கூறில்தான் அந்தரங்க உரிமையும் வேர்கொண்டிருக்கிறது. முதல்வரின் பேச்சைக் காக்கும் அந்தக் கூறு, கூலித் தொழிலாளியின் உயிரைக் காக்காது என்றால், நாம் பேசிக்கொண்டிருப்பது உரிமையைப் பற்றி அல்ல, சலுகையைப் பற்றி.

குப்பத்தை ஒட்டியிருக்கும் கர்நாடகத்தில், 1988இல் ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டு எழுந்தபோது முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். இன்று ராஜினாமாவை யாரும் எதிர்பார்க்கவில்லை, கணக்கையாவது கேட்கலாம். ஆண்டுதோறும் எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன, எத்தனையைப் பரிசீலனைக் குழு நிராகரித்தது என்ற எண்ணிக்கையை ஆந்திர அரசு சட்டமன்றத்தில் வைக்கலாம். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதை ஆராயும் அவைக் குழுவுக்கு எதிர்வரிசையிலிருந்து ஒருவரைத் தலைவராக்கலாம். நீதிபதியின் முன்அனுமதியைச் சட்டமாக்க நாடாளுமன்றம் வேண்டும். மத்திய அரசைத் தாங்கிப்பிடிக்கும் 16 மக்களவை உறுப்பினர்கள் இன்று தெலுங்கு தேசத்திடம் இருக்கிறார்கள். ஒட்டுக்கேட்பால் பாதிக்கப்பட்டதாக இரண்டு முறை முறையிட்ட கட்சி, அந்த பலத்தை இதற்காகப் பயன்படுத்தினால் அதன் முறையீடு உண்மையென்று நம்பலாம். அதுவரை, எந்தக் கட்சித் தலைவர் அந்தரங்க உரிமை பற்றிப் பேசினாலும் வாக்காளர்கள் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: உங்கள் ஆட்சியின் எந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்கத் தயார்?