மகன் சொல்லாமல் விட்டது

அக்டோபர் வந்தால் ஊரெல்லாம் இளஞ்சிவப்பு நாடா. எங்கள் புளோக் மின்தூக்கி வாசலிலும் சுவரொட்டி வந்துவிட்டது. 2002இல் தொடங்கிய பிரெஸ்ட்ஸ்கிரீன் சிங்கப்பூர் என்ற மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைப் பற்றி, ஐம்பது தாண்டியவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தேக்கா சந்தையில் ஓர் அக்காவைப் பார்த்த பிறகு மனம் அதில் நிற்கவில்லை.

முருங்கைக்கீரைக் கட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “ஆப்ரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சிருச்சும்மா. இப்ப சத்து மாத்திரைதான். அசதியா இருந்தா ரெண்டு நாள் விட்டுருவேன்.” பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். தமோக்சிஃபென், 20 மில்லிகிராம்.

அது சத்து மாத்திரை இல்லை. பல மார்பகப் புற்றுநோய்கள் ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. அந்த ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை இந்த மருந்து முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது. தினமும் ஒன்று, குறைந்தது 5 ஆண்டு, சிலருக்கு 10. ஒழுங்காகச் சாப்பிட்டால், அடுத்த 15 ஆண்டுகளில் இந்த நோயால் சாகும் ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இதைப் போய் அசதிக்கு விடுவதா?

சத்து மாத்திரை என்று சொன்னது மகன். நல்ல பிள்ளை, லீவு போட்டு அம்மாவைக் கூட்டிப்போகிறார். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைச் சுருக்கித் தமிழில் சொல்கிறார். அம்மா பயப்படக் கூடாது என்று ‘புற்றுநோய் திரும்பாமலிருக்க’ என்பதை விழுங்கிவிட்டார். இன்னொன்றை வெட்கப்பட்டு விட்டிருக்கிறார். மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இதே மருந்து, கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்து உட்சுவரைத் தடிக்க வைக்கலாம். அபூர்வமாக அங்கே புற்றும் வரலாம். அதனால்தான் மாதவிடாய் நின்றவருக்கு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் உடனே சொல்ல வேண்டும் என்கிறார்கள். எந்த மகன் இதைத் தாயிடம் வாய்விட்டுச் சொல்வான்?

 இந்த எச்சரிக்கை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் எறும்பெழுத்துத் தாளில் இருக்கிறது, ஆங்கிலத்தில். அக்கா அதைப் பிரித்ததே இல்லை. உடம்பு திடீரென்று கொதித்து வேர்த்ததையும் ஊர் வெக்கை என்றே நினைத்திருக்கிறார்.

உதிரம் பட்டதா என்று கேட்டேன். கீரைக்காரரைப் பார்த்துவிட்டு என்னைத் தள்ளி அழைத்துப்போய், “போன மாசம் லேசா” என்றார். அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போன் போட வைத்தேன். சோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

அம்மாவைக் கூட்டிப்போகும் பிள்ளைகளே, உங்கள் அன்பில் குறை சொல்லவில்லை. நம் மருத்துவமனைகளில் தமிழ் பேசும் தாதியர் இருக்கிறார்கள். ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். அவர் அம்மாவிடம் பேசி முடிக்கும்வரை நீங்கள் வெளியே இருங்கள்.