5 லட்சமா, 1.8 கோடியா?



1996, எழும்பூர் அரசு மருத்துவமனை. 29-வது வாரத்திலேயே பிறந்த பெண் குழந்தை, எடை 1,250 கிராம். குறைமாதக் குழந்தைக்குச் செய்யவேண்டிய விழித்திரைப் பரிசோதனையைச் செய்யாமலே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. பார்வை போச்சு.

2009-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். அப்பா விடல, மேல்முறையீடு போனார். அரசும் எதிர்த்துப் போச்சு! (எந்த ஆட்சின்னு கமென்ட்ல சண்டை வேண்டாம்.) 2015-ல் உச்ச நீதிமன்றம் வாழ்நாள் மருத்துவச் செலவையும் விலைவாசி ஏற்றத்தையும் கணக்குப் போட்டு, சுமார் 1.8 கோடி கொடுக்கச் சொன்னது. டிஸ்சார்ஜ் சம்மரியில் கண்ணைப் பற்றி எந்த எச்சரிக்கையும் இல்லைங்கிறதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டுது.

அதனால அந்தப் பேப்பரைத் தொலைக்காதீங்க. கேஸ் ஷீட் நகல் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும், 2002 மருத்துவக் கவுன்சில் விதி. நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 வருஷம்தான்.