கர்ப்பகால இடுப்பு வலி எல்லாமே சாதாரணம்தானா? எலும்பை மென்மையாக்கும் குட்டிக் கட்டி... கண்டுபிடிப்பது எப்படி?

"மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும். குழந்தை பிறந்தா எல்லாம் சரியாப் போயிடும்!"

கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால், மிகச் சில பெண்களுக்கு அந்த வலிக்குக் காரணம் வயிற்றுச் சுமை அல்ல. உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு சிறிய கட்டி. அதனால் எலும்புகள் வலுவிழந்து மென்மையாகும் இந்த அரிய நோய்க்கு, 'டியூமர் இண்டியூஸ்டு ஆஸ்டியோமலேசியா' என்று பெயர்.

கட்டி செய்யும் வேலை

எலும்பு உறுதியாக இருக்க கால்சியம் மட்டும் போதாது, பாஸ்பரஸும் வேண்டும். அது ரத்தத்தில் அதிகமானால், சிறுநீரில் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோன். வழக்கமாக எலும்புதான் இதை அளவாகச் சுரக்கும். இந்தக் கட்டியோ அதை அளவில்லாமல் சுரந்து தள்ளும். உடலுக்குத் தேவையான பாஸ்பரஸும் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் டி உடலில் முழுமையாகச் செயல்படுவதையும் இந்த ஹார்மோன் தடுக்கும். அதனால்தான், சாதாரண கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டாலும் வலி போவதில்லை.

1959-ல் ஆண்ட்ரியா பிராடர் என்ற ஸ்விட்சர்லாந்து மருத்துவர், 11 வயதுச் சிறுமியின் விலா எலும்பில் இருந்த கட்டிதான் அவளுடைய எலும்பு நோய்க்குக் காரணம் என்று கண்டறிந்தார். கட்டியை அகற்றியதும் நோயும் குணமானது. அதற்குப் பின்னால் இருந்த ஹார்மோன் எது என்று தெரிந்தது 2001-ல்தான்.

கர்ப்பத்தில் ஏன் குழப்பம்?

இடுப்பு வலி, சோர்வு, அசைந்து அசைந்து நடப்பது எல்லாம் கர்ப்பிணிகளுக்கு வழக்கமானவை. எலும்பு நோய்களில் ஏறும் 'ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்' அளவு, நஞ்சுக்கொடியாலும் ஏறும் என்பதால் அந்த ரிப்போர்ட்டும் சந்தேகத்தைக் கிளப்பாது. கால்சியம் அளவோ பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். கட்டியைத் தேட உதவும் பெட் ஸ்கேனை, கதிர்வீச்சு காரணமாக கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

* இடுப்பு மட்டுமன்றி விலா, தொடை, பாதம் எனப் பல இடங்களில் எலும்பு வலி
* தரையிலிருந்து எழ, படி ஏற முடியாத அளவுக்குத் தசை பலவீனம்
* விழாமலேயே எலும்பு முறிவு
* கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கிய அல்லது பிரசவத்துக்குப் பிறகும் குறையாத வலி

இவற்றில் ஏதாவது இருந்தால், வெறும் வயிற்றில் எடுக்கும் பாஸ்பரஸ் ரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்கலாம். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இயல்பான அளவு. அது குறைந்திருந்தால், சிறுநீரில் எவ்வளவு பாஸ்பரஸ் வீணாகிறது என்று அடுத்து பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஹார்மோன் அளவையும் சோதிப்பார்கள்.

பாஸ்பரஸ் குறைய வேறு காரணங்களும் உண்டு. வைட்டமின் டி குறைபாடு, பரம்பரைக் கோளாறு, ரத்தசோகைக்காக நரம்பு வழியாக ஏற்றும் சில வகை இரும்புச்சத்து மருந்துகள் ஆகியவற்றாலும் அது குறையலாம். எனவே, இரும்புச்சத்து ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குணப்படுத்த முடியுமா?

முடியும். கர்ப்ப காலத்தில், பாஸ்பேட் மருந்தையும் கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவிலான வைட்டமின் டி-யையும் மருத்துவக் கண்காணிப்பில் கொடுப்பார்கள். அவசியமானால் எம்.ஆர்.ஐ எடுப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு, தலை முதல் பாதம் வரை பெட் ஸ்கேன் மூலம் கட்டியைத் தேடுவார்கள். இது பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டி அல்ல. முழுமையாக அகற்றிவிட்டால் பாஸ்பரஸ் அளவு சில நாள்களிலேயே சீராகும். எலும்பு தேறுவதற்குச் சில மாதங்கள் ஆகும்.

பலருக்கு இந்த நோயைக் கண்டுபிடிக்கவே வருடங்கள் ஆகின்றன. அதுவரை, "சும்மா வலி வலின்னு சொல்றா" என்ற பேச்சையும் அந்தப் பெண்தான் தாங்க வேண்டியிருக்கிறது. வலி என்று அவர் சொல்லும்போது வீட்டிலிருப்பவர்கள் முதலில் அதை நம்ப வேண்டும். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஒரு கேள்வியும் கேட்கலாம்... "டாக்டர், பாஸ்பரஸ் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?"