கண்ணளவும் கருவியளவும்

உடற்கு ஒவ்வாத பொருளை அறிய, அதனைத் தோலின்மேல் ஒட்டிப் பார்க்கும் முறையை யாடாசோன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1895-இல் வெளியிட்டார். இரண்டு நாள் கழித்து ஒட்டை நீக்கி, எழுந்த சிவப்பைக் கண்ணாலும் தடிப்பை விரலாலும் ஆய்ந்து தரம் பிரிப்பர். இன்றும் பெரும்பாலும் அவ்வாறே. வெண்தோலில் விளங்கும் சிவப்பைக் கருந்தோலின் நிறமி மறைத்துவிடும். ஒவ்வாமை உடையானை இல்லான் எனக் கூறிவிடுத்தல் தீதன்றோ?

தோலினின்று மீளும் ஒளியை அளந்து நிறத்தை எண்ணாகத் தரும் கருவிகள் உள. 1976-இல் வகுக்கப்பெற்ற பன்னாட்டு நிற அளவையில் சிவப்பிற்கும் எண்ணுண்டு. ஒட்டிய இடத்தையும் அருகில் ஒட்டாத இடத்தையும் அளந்து வேற்றுமை காண்டல் வேண்டும். ஒருவனுக்கு அவன் தோலே அளவுகோலாதல் நீதி. தடிப்பறிய விரல் வேண்டும். நிறத்தைக் கண்ணுக்கே விட்டுவிடலாகாது என்பதே நம் துணிபு.