மதுரையின் பெயரால் ஒரு பொதுப்பணி

மதுரையில் அலுவலகமோ பெயர்ப்பலகையோ இன்றி, மதுரையின் பெயரைத் தாங்கி உலகெங்கும் உலவும் தமிழ்ப்பணி ஒன்றுண்டு. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, யாவர்க்கும் விலையின்றி வழங்கும் மதுரைத் திட்டமே அது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் தலைமையேற்றார். அமெரிக்காவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் துணைநின்றார். (தமிழ்த்துறையினராகிய நாம் சற்று நாணத்தான் வேண்டும்.)

கதவைத் திறந்து வைத்தால் பணி தானே நடைபெறும் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஃபின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்ப எவர்க்கும் உரிமையுண்டு. ஆயினும் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் உளர். அவர் ஏற்காத திருத்தம் உள்ளே புகாது. கொடுப்போர் பலராயினும், ஏற்போர் சிலராதல் வேண்டும்.

மதுரைத் திட்டமும் இவ்வாறே நடந்தது. ஒருவர் தட்டச்சிட, மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். 'அறம்' என்பது 'அரம்' ஆகிவிட்டால் நூலே கெட்டுவிடுமன்றோ? எனவே மெய்ப்புப் பார்ப்பவரின் பணி தட்டச்சிடுபவர் பணியினும் தாழ்ந்ததன்று. உழைத்தவர் பெயர்கள் ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் பொறிக்கப்பட்டன. அம்முகப்பைச் சிதைக்காமல் எவரும் கோப்பைப் பரப்பலாம் என்பதே நிபந்தனை. ஊதியமற்ற பணியில் பெயரொன்றே கூலி. அதனை மறவாது கொடுத்தமையே தொண்டர்களை நிலைக்கச் செய்தது என்பது என் கருத்து. எழுத்துருக் குறியீடு திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோதும் பணி முறியவில்லை.

ஐயாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களையுடைய உமறுப் புலவரின் சீறாப்புராணமும் பகுதி பகுதியாகவே அதில் இடம்பெற்றது. பெருநூலைச் சிறு கூறுகளாகப் பகுத்தால் எவரும் அஞ்சாது கைவைப்பர்.

இசுலாமியத் தமிழின் படைப்போர், மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து நூல்களின் பழம்பதிப்புகள் பல இல்லங்களில் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. பெரியோர்கள் தம்மிடமுள்ள ஒரு நூலை நம் துறைக்குத் தந்துதவினால், மாணவர் பதின்மர் ஆளுக்கு ஐம்பது பாடல் தட்டச்சிடலாம். வேறு பதின்மர் மெய்ப்புப் பார்க்கலாம். இறுதிப் படிக்குப் பொறுப்பேற்க ஆசிரியர் ஒருவர் முன்வர வேண்டும். குழு அமைத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்வு செய்யும் நம் வழக்கத்தை இதில் மட்டும் பிற்பாடு வைத்துக் கொள்ளலாம்.