மறதி இல்லாத காந்தம்

1986-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடம் புளோரிடாக் கரைக்கு அப்பால் சிதறி வீழ்ந்தது. ஏழு பேர் மாண்டனர். பின்னர் கடலடியிலிருந்து எடுத்த அதன் கம்ப்யூட்டர்களில் பதிந்திருந்த விவரங்களை நிபுணர்கள் படித்தெடுத்தார்கள். மின்சாரம் அறுந்து, உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தும் அந்த யந்திரத்துக்கு ஞாபகம் போகவில்லை! காரணம், அதற்குள் இருந்தவை கடுகத்தனை காந்த வளையங்கள். வலப்புறமாகக் காந்தமேறினால் 'ஒன்று'. இடப்புறமாக ஏறினால் 'சைபர்'.

1950-களில் பிறந்த இந்த வளையங்களை 1970-க்குப் பின் வந்த சிலிக்கன் சில்லுகள் ஓரங்கட்டிவிட்டன. சில்லு மலிவு; இடமும் கொஞ்சம்தான். ஆனால் அதற்கு மகா மறதி. ஓட்டைக் குடத்துத் தண்ணீரைப் போல அதிலுள்ள மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் செகண்டுக்குப் பதினைந்து தடவையாவது எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். வேலையே இல்லாமல் சும்மா இருக்கும் நேரத்திலும் இந்தத் தண்டச் செலவு உண்டு. கரண்ட் போனால் எழுதியதெல்லாம் போச்சு.

இப்போது காந்தம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். 1988-ல் பிரான்சில் ஆல்பெர் ஃபெர், ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க் ஆகிய இருவரும், ஒருவரையொருவர் சாராமல், சில நானோமீட்டர் கனமுள்ள இரும்புப் படலங்களுக்கு நடுவே குரோமியத்தை வைத்துப் பார்த்தார்கள். படலங்களின் காந்தம் ஒரே திசையில் இருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடிற்று. எதிரெதிராக இருந்தால் திணறிற்று. எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் தானே ஒரு குட்டிக் காந்தம் என்பதுதான் சூட்சுமம். 1997-ல் இது கம்ப்யூட்டர் தட்டுகளைப் படிக்கும் முனையாயிற்று. 2007-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதே வழியில் வந்த காந்த ஞாபகச் சில்லு 2006-ல் விற்பனைக்கு வந்தது. இதில் ஒரு படலத்தின் காந்தம் அசையாது, மற்றது புரளும். இரண்டும் இணைந்தால் ஓர் எழுத்து. எதிர்த்தால் மறு எழுத்து. கரண்ட் போனாலும் அது அப்படியே நிற்கும்.

'விலை அதிகம், எழுதவும் மின்சாரம் கூடுதலாகப் பிடிக்கிறது' என்பது வியாபாரிகளின் புகார். புகார் பொய்யல்ல. காந்தம் சிறுக்கச் சிறுக்க, அறையின் வெப்பமே அதைப் புரட்டிவிடும். புரளாத உறுதியைக் கொடுத்தாலோ, எழுதுவது கஷ்டம். இந்த இக்கட்டிலிருந்து தப்ப, ஞாபகத்தைக் கொஞ்சம் தளர்த்தி வேகத்தைக் கூட்டலாம் என்று ஒரு சாரார் யோசனை சொல்கிறார்கள். சில இடங்களுக்கு அது சரிப்படலாம். ஆனால் பொது வழியாக அதையே பிடித்துக்கொள்வது, உப்பைக் குறைத்து ஊறுகாய் போடுவது போலத்தான். கெடாமல் இருப்பதற்காகத்தானே ஊறுகாய்?

மலிவில் சிலிக்கனோடு மல்லுக்கு நிற்பது இந்தக் காந்தத்தின் வேலை அல்ல. மின்சாரம் எந்த நிமிஷமும் போகக்கூடிய ஆலை யந்திரத்திலும், ஆஸ்பத்திரிக் கருவியிலும், போய்ப் பழுது பார்க்க முடியாத செயற்கைக் கோளிலும்தான் அதற்கு வேலை. அங்கே பத்து வருஷம் மறக்காத சில்லுக்கு இரண்டு பங்கு விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. 2009-ல் ஜப்பானியர் அனுப்பிய ஸ்ப்ரைட்சாட் என்ற சிறு செயற்கைக் கோளில் இந்தக் காந்தச் சில்லைத்தான் பொருத்தினார்கள்.