பாரம் ஏறிய வண்டியும் பளபளக்கும் ரிம்மும்



பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் பினாங்குப் பாலத்தின் மீது பட்டர்வொர்த் நோக்கி ஊர்ந்து செல்லும் வண்டிகளைப் பாருங்கள். அவற்றில் பாதிக்கு மேல் எஸ்.யூ.வி. வகையாகவோ ஏழு இருக்கை வண்டியாகவோ இருக்கும். கூரையில் ஒரு பெட்டி. பின் கண்ணாடியை மறைக்கும் அளவுக்குத் துணிப்பைகள், தலையணைகள், ஐஸ் பெட்டி. கடைசி வரிசையில் பிள்ளைகள். வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் ரிம் மட்டும் பதினெட்டு அங்குலத்தில் பளபளவென்று மின்னும்!

இந்தக் காட்சியைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். நம்மவர்கள் வண்டிக்குச் செலவு செய்யத் தயங்குவதில்லை. எதற்குச் செலவு செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஒலிபெருக்கி, இருக்கை உறை, பெரிய ரிம், கூரைப் பெட்டி ஆகியவற்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம், தேய்ந்த டயரை மாற்றுவதை மட்டும் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறோம்.

ஒரு சொல் விளக்கம். பிரேக்கைத் தடுப்பி என்றும், டயரை உருளிப்பட்டை என்றும், அப்சோர்பரை அதிர்வு தாங்கி என்றும் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டறையில் போய் ‘என் அதிர்வு தாங்கியில் எண்ணெய் கசிகிறது’ என்றால் வேலை நடக்காது. ஆகவே இக்கட்டுரையில் பட்டறைச் சொற்களையே ஆள்கிறேன். தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் கணக்கு. ஆரம்பப்பள்ளிக் கணக்குதான். பெரியவர் நால்வர், தலைக்கு 70 கிலோ என்றால் 280. பிள்ளைகள் மூவர், 40 கிலோ வீதம் 120. ஆகமொத்தம் 400. ஆளுக்கொரு பை 12 கிலோ என்றால் 84. கூரைப் பெட்டியும் அதனுள் திணித்தவையும் 60. குடிநீர், ஐஸ் பெட்டி, அத்தைக்குக் கொண்டுபோகும் பலகாரம் என்று இன்னொரு 30. கூட்டிப் பாருங்கள்: 574 கிலோ. சிறிய ஏழு இருக்கை வண்டிகள் பலவற்றின் சுமைத் திறன் 500 கிலோவை ஒட்டியே இருக்கிறது. வண்டியின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, வெறும் வண்டியின் எடை என இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் விடை கிடைத்துவிடும். கூரையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதும் அதே கையேட்டில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. ஏழு இருக்கை என்பது ஏழு பேருக்கும் ஏழு பெட்டிக்கும் சேர்த்துக் கொடுத்த உத்தரவாதம் அன்று.

பாரம் மிகுந்தால் என்ன ஆகும்? வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சாரைத் தாண்டி ஈப்போவுக்குப் போகிறவர்களுக்கு மெனோரா சுரங்கம் தெரிந்திருக்கும். சுரங்கத்தைக் கடந்ததும் நீண்ட இறக்கம். அந்த இறக்கத்தின் அடிவாரத்தில்தான் முன்பு ஜெலாபாங் டோல் சாவடி இருந்தது. மலையிலிருந்து இறங்கி வரும் பார வண்டிகள் பிரேக் பிடிக்காமல் சாவடியில் மோதிய விபத்துகள் அங்கே தொடர்ந்து நிகழ்ந்தன. நிறுத்த முடியாத வண்டி ஏறி நிற்பதற்கென்றே சாலையோரத்தில் அவசரத் தப்புவழி ஒன்றையும் அமைத்தார்கள். இறுதியில், 2009இல் அந்தச் சாவடியே மூடப்பட்டது. ஒரு டோல் சாவடியையே இடம்பெயர்க்க வைத்தது எது? சூடேறிய பிரேக்.

‘அவை லோரிகள், நம்முடையது கார்தானே’ என்று நீங்கள் கேட்கலாம். இயற்பியல் விதிக்கு லோரி, கார் என்ற பாகுபாடு இல்லை. ஆட்களோடும் பைகளோடும் 2,300 கிலோ எடையுள்ள ஒரு எஸ்.யூ.வி. 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் அதற்குக் குறையாத இறக்கம் உண்டு. அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், எழுபது லிட்டருக்கு மேற்பட்ட குழாய் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர், எஞ்சின் ஏற்கவேண்டிய பங்கையும் நான்கு சக்கரங்களின் தலையிலேயே கட்டிவிடுகிறார்.

பிரேக் எண்ணெயைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் தரவிதி கேட்கும் அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. பினாங்கைப் போன்ற கடல் சூழ்ந்த, ஆண்டு முழுவதும் ஈரமான ஊரில் எண்ணெய் எப்படி ஈரமாகாமல் இருக்கும்? எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் தோன்றும். ஆவியை அழுத்திவிடலாம், ஆகவே மிதி தரைவரை போகும், வண்டியோ நிற்காது. பாதி மலையில் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. ஈராண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை உண்ணும் செலவுதான். பினாங்கு வண்டிக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் ‘மேம்பாடு’ இதுவே. இதை வாங்கிப் பூட்டியிருக்கிறேன் என்று யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியாது என்பது மட்டுமே இதிலுள்ள குறை!

அடுத்து, பெரிய பிரேக் வட்டு. நண்பர்கள் பலர் இதில் ஆர்வம் காட்டுகிறார்கள். ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். திடீரென்று ஒருமுறை மிதிக்கும்போது ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்றால், உங்கள் பிரேக்கின் வலிமை ஏற்கெனவே போதுமானது. அதற்குமேல் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிப்புத்தான். பெரிய வட்டு அந்தத் தூரத்தைக் குறைக்காது. அது உதவுவது மலை இறக்கத்தில், மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது. கனமான வட்டு அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆகவே எப்போதும் பாரத்துடன் மலைக்குப் போய் வருகிறவருக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு நல்ல தரமான பிரேக் பேட் போதும். துளையிட்ட வட்டின் அழகில் மயங்காதீர்கள். துளையிருக்கும் இடத்தில் வெடிப்பு விழ வாய்ப்பு உண்டு.

இனி டயர். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது இது மட்டும்தான் என்பதால் எனக்கு இதுதான் முதன்மை. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 91 என்றால் அந்த டயர் தாங்குவது 615 கிலோ. 95 என்றால் 690, 98 என்றால் 750, 103 என்றால் 875. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டியில் பின் அச்சின்மேல் மட்டும் 1,300 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 91 குறியிட்ட இரண்டு டயர்கள் தாங்குவது 1,230 கிலோதான். பெரிய ரிம் வாங்குகிறவர் அதற்கேற்ற மெல்லிய டயரை மலிவாகத் தேடும்போது இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ‘அளவு சரியாக இருக்கிறது, அண்ணே’ என்று கடைக்காரர் சொல்வார். அளவு சரிதான், சுமைக் குறியீடு சரியா என்று கேளுங்கள். வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் குறையவே கூடாது.

அதே பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இன்னோர் இடத்தில் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ நன்றாக இருக்கிறதே என்று பயன்படுத்திய டயரை வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கட்டும். இரப்பர் மரம் வெட்டிய தாத்தா, பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். வெயிலில் கிடந்த இரப்பர் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

காற்றழுத்தத்தையும் மறந்துவிடுகிறோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் தெரியும். அதில் பல வண்டிகளுக்கு இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: சிலர் மட்டும் பயணம் செய்யும்போது ஒன்று, முழுப் பாரத்துக்கு மற்றொன்று. பெட்ரோல் நிலையத்திலுள்ள கருவி கிலோபாஸ்கலில் காட்டும். பட்டறைக்காரர் பி.எஸ்.ஐ.யில் பேசுவார். ஒரு பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய 6.9 கிலோபாஸ்கல். வழக்கம்போல் 220 என்று அடித்துவிட்டு ஏழு பேரை ஏற்றினால், டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காற்றடிக்க ஒரு சென்கூடச் செலவில்லை!

சஸ்பென்ஷனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்புறம் தாழ்ந்துபோனால் முன் சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைந்து, ஸ்டீயரிங் பிடிப்பு தளரும். எதிரே வருகிறவரின் கண்ணை உங்கள் விளக்கு கூசவைக்கும். வலுவான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிரும் என்பது உண்மை. அதற்கேற்ற அப்சோர்பரும் மாறவேண்டும், இல்லையேல் பாரமில்லாத நாளில் வண்டி துள்ளும். எண்ணெய் கசியும் பழைய அப்சோர்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது வீண்வேலை. வண்டியை உயர்த்திக் கட்டுவதை நான் ஒப்புவதில்லை. ஏற்கெனவே உயரமான வண்டி, கூரையில் வேறு பெட்டி. பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலேக் பூலாவ் போகும் வளைவுகளில் டுரியான் பருவத்தில் பாருங்கள், உயரமான வண்டிகள் எப்படிச் சாய்ந்து எழுகின்றன என்று. இன்னொன்றும் உண்டு. எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும், எந்த பிரேக்கைப் பூட்டினாலும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை மாறிவிடாது. ‘ஸ்பிரிங் மாற்றிவிட்டேன், இன்னும் நூறு கிலோ ஏற்றலாம்’ என்பது தவறான எண்ணம். பெரிய மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வேண்டும்.

‘வண்டியில் என்ன இருக்கிறது? எல்லாம் ஓட்டுகிறவன் கையில்தான்’ என்று வாதிடுவோர் உண்டு. பாதி உண்மை. 90 கிலோமீட்டர் வேகத்தை 110 ஆக்கினால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஆகவே வேகத்தைக் குறைப்பது எந்த உதிரிப்பாகத்தையும்விட மேலானது. மறுக்கவில்லை. 2025 ஜூன் 9ஆம் நாள் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தபோது, ஆசிரியர் உலகமே கலங்கியது. அங்கே வேகமே முதன்மையாகப் பேசப்பட்டது. ஆனால் 2013 ஆகஸ்டு 21இல் கெந்திங் மலைச்சாலையில் 37 பேரைப் பலிகொண்ட பேருந்தை நினைத்துப் பாருங்கள். 44 பேருக்கான பேருந்தில் 53 பேர் இருந்தார்கள். பாரம், வேகம், பிரேக் மூன்றும் தனித்தனிக் கதைகள் அல்ல. ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியானாலும் கொதித்த எண்ணெயைக் காலால் அழுத்தி நிறுத்த முடியாது.

இதையெல்லாம் ஓர் ஆசிரியர் ஏன் எழுதவேண்டும்? பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. திடல்தடப் போட்டி, புதிர்ப்போட்டி, கதை சொல்லும் போட்டி என்று ஆண்டு முழுவதும் மாணவர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அழைத்துச் செல்கிறோம். பேருந்துக்குப் பணம் இல்லாதபோது ஆசிரியர்களின் வண்டிகளும் பெற்றோரின் வண்டிகளும்தான் கைகொடுக்கின்றன. ‘சின்னப் பிள்ளைகள்தானே, நெருக்கி உட்காரட்டும்’ என்ற குரலை அப்போதெல்லாம் கேட்கிறோம். பின்னிருக்கைக்கு இடைவார் கட்டாயம் என்ற சட்டம் 2009 ஜனவரியிலேயே வந்துவிட்டது. நெருக்கி உட்காரும் பிள்ளைக்கு வார் எங்கே இருக்கிறது?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நான் முன்வைக்க விரும்புவது எளிய கோரிக்கைதான். மாணவரை ஏற்றும் வண்டியின் உரிமையாளர் டயரின் வயது, பூவின் ஆழம், பிரேக் எண்ணெய் மாற்றிய நாள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரட்டும். பூ 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. மழையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போக 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது என் கருத்து. இருக்கைக்கு ஒருவர் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு வண்டி போதாவிட்டால் இரண்டு வண்டிகள். இரண்டாவது வண்டியின் எண்ணெய்ச் செலவைச் சங்கம் ஏற்கலாம். கோப்பைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் தொகையில் சிறு பங்குதான் அதற்கு ஆகும். இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தங்கள் வண்டிக் கையேட்டையும் கொண்டுவரட்டும், சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.